பின்வரிசைக்குத் தெரியாதது



2008 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. நியூயார்க் நகரத்தை ஒட்டிய லாங் ஐலண்டில் வேலி ஸ்ட்ரீம் என்றொரு ஊர். அங்குள்ள வால்மார்ட் கடையின் வாசலில் முந்தைய இரவே ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கிவிட்டார்கள். விடியற்காலை 5 மணிக்குக் கதவு திறக்கும். 50 அங்குல பிளாஸ்மா டிவி 798 டாலர், ஜீன்ஸ் 8 டாலர் என்று விளம்பரம் வந்திருந்தது. விலை குறைவு, சரக்கும் குறைவு, முந்துபவருக்கே கிடைக்கும். கடுங்குளிரில் நின்ற கூட்டம் விடியும் முன் சுமார் 2,000 பேராகப் பெருகியது.

5 மணியை ஒட்டி, கூட்டத்தின் அழுத்தத்தில் கண்ணாடிக் கதவு உடைந்து உள்பக்கம் சரிந்தது. வாசலைக் காக்க நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் 34 வயதுத் தற்காலிகத் தொழிலாளி. பண்டிகைக் கால வேலைக்காக ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றின் வழியாக வந்தவர். நல்ல உயரமும் பருமனும் உள்ளவர் என்பதால் கதவருகே நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தைக் கையாள அவருக்குப் பயிற்சி எதுவும் கிடையாது. அவர் விழுந்தார், கூட்டம் அவர் மேலேயே போயிற்று. சுமார் ஒரு மணி நேரத்தில் அவர் இறந்துவிட்டதாக மருத்துவமனையில் அறிவித்தார்கள். மூச்சுத்திணறலே காரணம் என்றது பிரேதப் பரிசோதனை. கடையை மூடுகிறோம், ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னபோதும், இரவெல்லாம் வரிசையில் நின்றோமே என்று சிலர் வெளியேற மறுத்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். அன்று பிற்பகலே கடை மீண்டும் திறந்தது.

அந்த நாளைச் சுற்றி வேறு என்னென்ன நடந்துகொண்டிருந்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலாகி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவில் மாதாமாதம் லட்சக்கணக்கானோர் வேலை இழந்துகொண்டிருந்தார்கள். வேலி ஸ்ட்ரீமில் கதவு உடைந்த அதே நேரத்தில் மும்பையில் தாஜ் ஓட்டலுக்குள் பயங்கரவாதிகளோடு கமாண்டோக்கள் இன்னும் போராடிக்கொண்டிருந்தார்கள்; உலகமே தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே வெள்ளிக்கிழமையில் பொருளாதாரச் சரிவு, பயங்கரவாதம், எட்டு டாலர் ஜீன்ஸுக்கான நெரிசல் மூன்றும் நடந்தன. மனித மனம் இதில் எதைப் பற்றி யோசிக்கும், எதைத் தள்ளிவைக்கும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

மறுநாள் எங்கும் ஒரே குரல் கேட்டது. மனிதர்கள் மிருகங்களாகிவிட்டார்கள், பேராசை ஒரு உயிரைக் குடித்துவிட்டது என்றார்கள். இப்படிச் சொல்கிறவர் தன்னைக் கூட்டத்துக்கு வெளியே நிறுத்திக்கொள்ளலாம், அது வசதி. கூட்ட நெரிசலை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் நடந்து செல்லும் மனிதர்களின் இயக்கத்தை ஆராய்வதிலேயே வாழ்க்கையைச் செலவிட்டவர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருக்கம் ஏறிவிட்டால் கூட்டம் தனித்தனி ஆட்களாக நடப்பதில்லை, ஏறத்தாழ திரவம்போல் அலையடிக்கத் தொடங்கிவிடும் என்கிறார் அவர். அந்த நெருக்கத்தில் யாருக்கும் தன் கால் தன் வசம் இல்லை. பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு விரிய இடமின்றி மூச்சடைத்துச் சாகிறார்கள்.

ஃப்ரூயின் சுட்டிய இன்னொரு உண்மை இன்னும் முக்கியமானது. பின்வரிசையில் இருப்பவருக்கு முன்வரிசையில் நடப்பது தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம், கூட்டம் நகர்கிறது என்பது மட்டும். அவர் இடித்துத் தள்ளுவதுமில்லை. அரை அடி முன்னால் வைக்கிறார், அவருக்குப் பின்னால் உள்ளவரும் அரை அடி வைக்கிறார். அந்த அரை அடிகள் எல்லாம் சேர்ந்து ஐம்பது வரிசைக்கு முன்னால் ஒருவரின் விலா எலும்பை நொறுக்குகின்றன.

1979 டிசம்பர் 3 அன்று ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இதுவே நடந்தது. 'தி ஹூ' இசைக்குழுவின் கச்சேரி. இருக்கை எண் கிடையாது, முதலில் ஓடுகிறவருக்கு மேடையருகே இடம். ஆயிரக்கணக்கானோர் வெளியே நிற்க, திறக்கப்பட்டவை ஒருசில கதவுகள். உள்ளிருந்து வந்த ஒலியைக் கேட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்துப் பின்னால் நின்றவர்கள் முன்னே நெருக்கினார்கள். 11 இளைஞர்கள் இறந்தார்கள். உள்ளே பல ஆயிரம் பேர் முழுக் கச்சேரியையும் கேட்டுவிட்டு, வாசலில் நடந்தது எதுவும் தெரியாமல் வீடு திரும்பினார்கள். அந்த நகரம் பிறகு எண்ணில்லா இருக்கை முறையையே தடைசெய்தது. மனிதர்கள் மாறவில்லை. ஏற்பாடு மாறியது.

வேலி ஸ்ட்ரீமுக்குத் திரும்புவோம். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் வால்மார்ட்டுக்கு விதித்த அபராதம் 7,000 டாலர். உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனத்துக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் அந்த நிறுவனம் பல ஆண்டுகள் வழக்காடியது. 2015இல்தான் மேல்முறையீட்டைக் கைவிட்டது. காரணம் எளிது. அபராதத்தை ஒப்புக்கொண்டால், தள்ளுபடி கூவி வரவழைக்கும் கூட்டம் முன்கூட்டியே கணிக்கக்கூடிய ஆபத்து என்றும், அதைத் தடுப்பது முதலாளியின் கடமை என்றும் ஒப்புக்கொண்டதாகிவிடும். கூட்டத்துக்கு வெறி பிடித்தது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. கூட்டம் திட்டமிட்டுத் திரட்டப்பட்டது என்றால் திரட்டியவருக்குப் பொறுப்பு உண்டு. உள்ளூர் அரசு வழக்கறிஞருடன் செய்துகொண்ட சமரசத்தில் பாதிக்கப்பட்டோருக்கு 4 லட்சம் டாலர் நிதி, அந்த வட்டாரத்துக்கு 15 லட்சம் டாலர், நியூயார்க் மாநிலக் கடைகளில் கூட்டத்தைக் கையாளும் திட்டம் ஆகியவற்றுக்கு நிறுவனம் இசைந்தது. வாசலில் தடுப்புகள் வைத்து வளைந்து செல்லும் வரிசை அமைப்பது, சீட்டுக் கொடுப்பது போன்ற சாதாரண ஏற்பாடுகள்தான் அவை. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்பே செய்திருந்தால் ஒருவர் உயிரோடு இருந்திருப்பார்.

இந்த வெள்ளிக்கிழமை தானாக வந்ததும் இல்லை. அமெரிக்காவில் நன்றி நவிலும் நாள் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழன் என்பது லிங்கன் காலத்திலிருந்து வழக்கமாக இருந்தது. அது முடிந்த மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிக்கும். 1939இல் அந்த வியாழன் நவம்பர் 30ஆம் தேதி விழுந்தது. வியாபாரத்துக்கு நாள் போதாது என்று பெரிய கடைக்காரர்கள் முறையிட்டார்கள். அவர்களில் முன்நின்றவர் ஃபிரெட் லாசரஸ். அதிபர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னே நகர்த்திவிட்டார். ஏறத்தாழ பாதி மாநிலங்கள் ஏற்றன, மற்றவை பழைய தேதியிலேயே கொண்டாடின. குழப்பத்தைத் தீர்த்து நான்காவது வியாழன் என்று நிலைநிறுத்திய சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட நாள் 1941 டிசம்பர் 26. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உலகப் போருக்குள் இறங்கிய அந்த மாதத்திலும் கடைக்காரரின் நாட்காட்டிக்கு நேரம் ஒதுக்க முடிந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கு பிளாக் ஃப்ரைடே என்ற பெயரைப் பரப்பியவர்கள் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் போலீஸார். பண்டிகைக்கு மறுநாள் கடைக்கு வருகிறவர்களும், அதற்கடுத்த நாள் ராணுவ, கடற்படை அணிகளின் கால்பந்து ஆட்டத்துக்கு வருகிறவர்களும் சேர்ந்து நகரத்தை அடைத்துவிடுவார்கள். விடுப்பு கிடைக்காத போலீஸார் வெறுத்துப்போய் வைத்த பெயர் அது. வணிகர்களுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. பிறகு அதையே விளம்பரமாக்கிக்கொண்டார்கள். நேரமும் மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தது. விடியற்காலை 5 மணி, பிறகு நள்ளிரவு. 2012இல் வால்மார்ட் வியாழன் இரவு 8 மணிக்கே தள்ளுபடி விற்பனையைத் தொடங்கியது. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிய இரவில், கடை ஊழியர்கள் சீருடை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

இதற்கு எதிராக வீட்டில் இருந்துவிடுவது என்ற யோசனை 1992இல் கனடாவின் வான்கூவரில் பிறந்தது. டெட் டேவ் என்ற ஓவியர் தொடங்கி வைத்த 'எதுவும் வாங்காத நாள்', காலே லாஸ்ன் நடத்திய 'ஆட்பஸ்டர்ஸ்' பத்திரிகையின் வழியாகப் பரவியது. 1997இலிருந்து அதை பிளாக் ஃப்ரைடே அன்றே கடைப்பிடித்தார்கள். அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்து ஒளிபரப்பக் கேட்டபோது அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மறுத்துவிட்டன. வாங்குங்கள் என்று சொல்ல நாளெல்லாம் இடம் இருக்கிறது. ஒரு நாள் வாங்காமல் இருங்கள் என்று சொல்ல அவற்றில் அரை நிமிடம் கிடைக்கவில்லை.

நிறுவனங்களும் இதில் இறங்கின. 2011இல் படகோனியா என்ற ஆடை நிறுவனம் பிளாக் ஃப்ரைடே அன்று நியூயார்க் டைம்ஸில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, தன் ஜாக்கெட் ஒன்றின் படத்தைப் போட்டு, இதை வாங்காதீர்கள் என்றது. அந்த ஒரு ஜாக்கெட்டுக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கையும் அதிலேயே அச்சிட்டது. அடுத்த ஆண்டு அதன் விற்பனை கூடியது. 2015இல் மலையேறும் கருவிகள் விற்கும் ஆர்.இ.ஐ. கூட்டுறவு தன் 143 கடைகளையும் அந்த வெள்ளியன்று மூடி, சுமார் 12,000 ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தந்தது.

எதிர்ப்பு வாதமும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. வெள்ளியன்று வாங்காதவர் சனியன்று வாங்குகிறார். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அந்தத் தள்ளுபடியில் கிடைக்கும் டிவியும் குழந்தையின் குளிர்ச்சட்டையும் ஆடம்பரம் இல்லை. வீட்டில் இருக்க முடிவதே ஒரு வசதி. வேலி ஸ்ட்ரீம் வரிசையில் நின்றவர்களில் பலர் பணக்காரர்கள் இல்லை. அவர்களைப் பழிப்பதற்காக யாரும் இந்த நாளைப் பயன்படுத்தக் கூடாது. ஒரு நாள் வாங்காமல் இருப்பதால் பொருளாதாரமும் மாறிவிடாது. பிறகு எதற்கு? அன்று ஒருவருக்குக் கிடைப்பது நேரம். பின்வரிசையில் அரை அடி அரை அடியாக நகர்கிறவருக்கு இல்லாத நேரம். முன்னால் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் நேரம்.

முதலில் காலடியில் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கரையில் எமரிவில் என்ற ஊர். அங்கே ஓலோனி பழங்குடியினர் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிளிஞ்சல்களும் மண்ணும் சேர்த்து எழுப்பிய பெரிய மேடு இருந்தது. இறந்தவர்களை அதிலேதான் புதைத்தார்கள். குடியேறிய வெள்ளையர்கள் அதன் உச்சியில் நடன அரங்கு கட்டினார்கள், 1924இல் மேட்டைத் தரைமட்டமாக்கினார்கள், தொழிற்சாலைகள் வந்தன. பின்னர் அந்த நிலத்தைச் சுத்தப்படுத்தித் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதற்குப் பிறகும் அங்கே 'பே ஸ்ட்ரீட்' என்ற வணிக வளாகம் கட்டப்பட்டு 2002இல் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் பிளாக் ஃப்ரைடே அன்று ஓலோனி மக்கள் அந்த வளாகத்தின் முன்னே கூடி, இது எங்கள் முன்னோர் உறங்கும் இடம், இங்கே வாங்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் கேட்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கு அடிப்படையான வியாழனுக்குக் கீழேயும் ஒரு பேரழிவு இருக்கிறது. 1621இல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து விருந்துண்டதைத்தான் அமெரிக்கப் பள்ளிகளில் சொல்லித் தருவார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன், 1616 முதல் 1619 வரை, ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த கொள்ளைநோய் அந்தக் கடற்கரையைச் சுடுகாடாக்கியிருந்தது. குடியேறிகள் வீடு கட்டிய இடம் பட்டுக்ஸெட் என்ற கிராமம். அவர்கள் வந்தபோது வயல்கள் திருத்திய நிலையில் இருந்தன, மனிதர்கள் இல்லை. 1970 முதல் நியூ இங்கிலாந்துப் பழங்குடியினர் அந்த வியாழனை பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். மறுநாள் வெள்ளி, பழங்குடியினர் பாரம்பரிய நாள் என்று அமெரிக்க அரசே சட்டமாக்கியிருக்கிறது. தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே அது எத்தனை பேர் கண்ணில் படும்?

பேரழிவைப் பற்றி நிதானமாக யோசித்தவர்கள் எப்போதும் உண்டு. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த கடல் அலையிலும் தீயிலும் அழிந்தபோது ஐரோப்பாவே கடவுளின் நீதியைப் பற்றி விவாதித்தது. வோல்டேர் அதைப் பற்றிக் கவிதை எழுதினார். மறு ஆண்டு அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ வேறொரு கேள்வி எழுப்பினார். ஆறேழு மாடி வீடுகளை ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையா? முதல் அதிர்ச்சியிலேயே ஓடிப்போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களில் எத்தனை பேர் துணியையும் பத்திரங்களையும் பணத்தையும் எடுக்கப் போய்ச் செத்தார்கள்? ஏறத்தாழ 270 ஆண்டுகள் ஆகின்றன. இயற்கைப் பேரிடர் என்று நாம் சொல்வதில் எவ்வளவு பங்கு மனித ஏற்பாடு என்று கேட்ட முதல் குரல்களில் ஒன்று அது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கேள்வியை வேறொரு திசைக்குக் கொண்டுபோனவர் ஜெர்மானியத் தத்துவவாதி குந்தர் ஆண்டர்ஸ். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் தொழிற்சாலைக் கூலியாகவும் வேலை பார்த்தவர். 1958இல் ஹிரோஷிமாவுக்குப் போய் வந்தவர். நம்மால் செய்ய முடிந்ததற்கும் நம்மால் கற்பனை செய்ய முடிந்ததற்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது என்பதே அவருடைய வாதம். ஒருவர் செத்தால் அழுகிறோம். பத்துப் பேர் செத்தால் துடிக்கிறோம். லட்சம் பேர் சாகக்கூடிய ஒன்றைச் செய்கிறபோது மனம் மரத்துப்போகிறது. நம் காலத்தின் குறை, பயம் அதிகமாக இருப்பது இல்லை. பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படத் தெரியாததே குறை என்றார் அவர். விவிலியத்தில் பெருவெள்ளத்துக்கு முன் பேழை கட்டிய நோவாவின் கதையை அவர் திருப்பிச் சொன்னதும் புகழ்பெற்றது. எச்சரிக்கைகளை யாரும் கேட்காததால் நோவா துக்க உடை உடுத்தித் தெருவுக்கு வருகிறார். யார் செத்தது என்று கூட்டம் கேட்கிறது. நாளை சாகப்போகிறவர்களுக்காக இன்று அழுகிறேன் என்கிறார். அன்று மாலையே பேழை கட்டத் தச்சர் ஒருவர் தானாக வந்து சேர்கிறார்.

அமெரிக்க அரசு இதற்கு நேர்மாறான பழக்கத்தை வளர்த்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து 16 நாட்களில், சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தில் பேசிய அதிபர் ஜார்ஜ் புஷ், விமானம் ஏறுங்கள், குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டுக்குப் போங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். விமான நிறுவனங்களைக் காப்பாற்றும் அக்கறை அதில் இருந்தது உண்மைதான். ஆனால் துக்கத்துக்கு மருந்து செலவு என்று ஒரு தேசத்துக்கு அதன் தலைவரே சொல்லித் தந்ததும் உண்மை.

இனி, வரிசையின் முன்முனைக்குப் போவோம். 2012ஆம் ஆண்டு பிளாக் ஃப்ரைடே நவம்பர் 23. மறுநாள் சனிக்கிழமை மாலை, வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த ஆஷுலியாவில் டஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. தரைத்தளத்தில் நூலும் துணியும் குவித்து வைத்திருந்தார்கள். தீ அங்கேதான் தொடங்கியது. எல்லாப் படிக்கட்டுகளும் அந்தத் தரைத்தளத்துக்கே இறங்கின. வெளிப்புறம் அவசரப் படிக்கட்டு கிடையாது. அபாயச் சங்கு ஒலித்தபோது, ஒன்றுமில்லை, போய் உட்கார்ந்து தையுங்கள் என்று மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். சில வாசல்கள் பூட்டிக் கிடந்தன என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். குறைந்தது 112 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். சாம்பலுக்கு நடுவே கிடந்த துணிகளில் வால்மார்ட்டின் சொந்த பிராண்டான 'ஃபேடட் குளோரி' லேபிள்களும் இருந்தன. தனக்குத் தெரியாமல் ஒப்பந்ததாரர் அங்கே உள்ஒப்பந்தம் விட்டுவிட்டதாக வால்மார்ட் சொன்னது.

வியாழன் இரவு 8 மணிக்கு அமெரிக்காவில் கதவு திறக்கிறது. சனி மாலை ஆஷுலியாவில் கதவு பூட்டியிருக்கிறது. வாங்கியவர் யாரும் கெட்டவர் இல்லை. சட்டையை எடுத்து அளவு பார்த்து, விலை குறைவு என்று மகிழ்ந்து, கூடையில் போட்டிருப்பார். அவருக்கும் அதைத் தைத்த பெண்ணுக்கும் நடுவே ஒப்பந்ததாரர், உள்ஒப்பந்ததாரர், ஏற்றுமதியாளர், தரகர் என்று ஐம்பது வரிசை.

இந்த வரிசையில் தமிழகமும் நிற்கிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தைத்து அனுப்புகின்றன. ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் இரவுபகலாக ஓவர்டைம் ஓடும் என்பது கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தத் துணிகளுக்குச் சாயம் ஏற்றிய கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கியது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. அணைத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை வந்தது. நிலம் உப்பேறியது, கிணறு கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவை முழுவதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதால், 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். மலிவான டி-சர்ட்டின் விலைச்சீட்டில் அந்தக் கிணறும் இல்லை, அந்த வேலையும் இல்லை.

அமெரிக்காவுக்குள்ளேயே முன்வரிசை உண்டு. 2021 டிசம்பர் 10 இரவு, கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்டில் ஒரு மெழுகுவத்தித் தொழிற்சாலை. கிறிஸ்துமஸ் கிராக்கிக்காக 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. 110 பேர் இரவு ஷிஃப்ட்டில் இருந்தார்கள். சூறாவளி எச்சரிக்கை சில மணி நேரம் முன்பே ஒலித்தது. வீட்டுக்குப் போகிறோம் என்று கேட்டபோது, போனால் வேலை போய்விடும் என்று மிரட்டப்பட்டதாகச் சில தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. கட்டடம் இடிந்து 9 பேர் இறந்தார்கள். அதே இரவு இல்லினாய் மாநிலத்தின் எட்வர்ட்ஸ்வில்லில் அமேசான் கிடங்கு ஒன்றின் மேல் சூறாவளி விழுந்து 6 பேர் இறந்தார்கள். வீட்டில் இருந்துவிடும் உரிமை எல்லாருக்கும் ஒன்றாக இல்லை.

இப்போது வாசல் நெரிசல் குறைந்துவிட்டது. கொரோனா ஆண்டான 2020இல் பெரிய கடைகள் வியாழன் இரவுத் திறப்பைக் கைவிட்டன, பிறகு அதற்குத் திரும்பவில்லை. அவசரம் கைபேசிக்குள் குடிபோய்விட்டது. 2024 பிளாக் ஃப்ரைடே அன்று மட்டும் அமெரிக்கர்கள் இணையத்தில் செலவிட்டது 1,080 கோடி டாலர் என்கிறது அடோபி நிறுவனத்தின் கணக்கு. இன்னும் இரண்டே இருக்கிறது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று திரையில் ஓடும் எண்கள், வேலி ஸ்ட்ரீம் வாசலில் செய்ததையே படுக்கையறையில் செய்கின்றன. சென்னையிலும் கோவையிலும்கூட நவம்பர் கடைசியில் அந்த விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆகவே வீட்டில் இருப்பது என்றால் இன்று கைபேசியையும் கீழே வைப்பது. கண்ணாடி உடைகிற ஓசைகூட இப்போது கேட்காது என்பதால், எட்டிப் பார்க்கும் வேலை முன்னைவிடக் கடினமாகிவிட்டது.

யோசித்து என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நடந்த கதையைச் சொல்ல வேண்டும். டஸ்ரீன் தீக்கு முன்பே, வங்கதேசத் தொழிற்சாலைகளைச் சுதந்திரமான பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கவும், செலவில் பிராண்டுகள் பங்கேற்கவும், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கங்கள் தயாரித்து வைத்திருந்தன. நான்கு நிறுவனங்கள் கையெழுத்திட்டால் நடைமுறைக்கு வரும். 2012 முடியும்வரை கையெழுத்திட்டவை இரண்டு. நாளை சாகப்போகிறவர்களுக்காக இன்றே அழுதவர்கள் இருந்தார்கள். பேழை கட்ட ஆள் போதவில்லை. 2013 ஏப்ரல் 24 அன்று சாவரில் ரானா பிளாசா இடிந்தது. முந்தைய நாளே சுவர்களில் விரிசல் கண்டு கட்டடத்தைக் காலிசெய்யச் சொல்லியிருந்தார்கள். கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடிக்கொண்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரவைத்தார்கள். 1,134 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் அந்த ஒப்பந்தம் உருப்பெற்றது. வாங்குகிற நாடுகளில் பொதுமக்கள் கடைகளைக் கேள்வி கேட்டார்கள், மாணவர்கள் கல்லூரிகளில் போராடினார்கள், தொழிற்சங்கங்கள் விடவில்லை. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. வால்மார்ட்டும் 'கேப்' ஆடை நிறுவனமும் அதில் சேராமல் தனியாக ஒரு கூட்டணி அமைத்தன. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. பூட்டுப்போடும் கதவுகள் நீக்கப்பட்டன, தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, ஆபத்தான கட்டடங்கள் மூடப்பட்டன. 2023 முதல் அது பாகிஸ்தானிலும் நடைமுறையில் இருக்கிறது.

இந்த அரங்கில் இருப்பவர்களுக்கும், இதை அச்சில் படிக்கப்போகிறவர்களுக்கும், கடல் கடந்து நவம்பர் தள்ளுபடிக்குக் காத்திருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பிளாக் ஃப்ரைடே அன்று வீட்டில் இருங்கள். அலமாரியில் இருக்கும் சட்டைகளில் ஒன்றை எடுத்து, எந்த நாட்டில் தைத்தது, எந்த பிராண்ட் என்று பாருங்கள். அந்த பிராண்ட் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்பதை அந்த ஒப்பந்தத்தின் இணையதளத்திலேயே தேடலாம். கையெழுத்திடவில்லை என்றால், ஏன் என்று கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.